மூன்றாவது விளக்கு

இரவு ஒன்பதரை மணி. குடியிருப்பின் கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஒன்றும் கிடையாது... ஒரு மண் சாலை, இரண்டு பக்கமும் முட்புதர், தலைக்கு மேலே இரும்புக் கயிறு. அந்தச் சாலையில் ஒருவன் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். காற்று அடித்தால் மேலே கயிறு முனகும். அதில் தொங்கும் இரும்புத் தொட்டிகள் மெல்ல அசையும். கிறீச்... கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது... மறுபடி கிறீச்.

யாராவது அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். எழுந்து போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பாதியில் துணைக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தால் நான் வர மாட்டேன். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என் நண்பனுடைய தங்கை கணவனுக்கு நடந்தது. நண்பனுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. இதைச் சொல்லும்போது அவன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப்போயிருந்தது.

சைக்கிளில் போகிறவனை மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான நாள் முதல் மனைவியின் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டதால், வேலை செய்யும் இடத்திலும் கிண்டலாக அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வீடு என்றால் இரண்டே அறை. இவர்கள் படுப்பது செருப்பு கழற்றும் நடையில். நண்பனின் மனைவி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை; பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவாள். தங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். குழந்தை பிறந்து செருப்புகளுக்கு நடுவில் கிடக்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை. மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானால் ஆலைக் குடியிருப்பில் தனி வீடு தருவார்கள். நிரந்தரமாகாவிட்டால் அந்த நடைதான் கதி.

வேலை இதுதான். மலை உச்சியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அடிவாரத்தில் ஆலை. மேலிருந்து கீழே கல்லைக் கொண்டுவர ஒரு கயிற்றுப்பாதை. பகலெல்லாம் தொட்டிகள் கல்லோடு இறங்கும், காலியாக ஏறும். ராத்திரி ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், ஆனால் கல் ஏற்றிய தொட்டிகள் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கயிறு நேராகக் குடியிருப்பின் கூரைகளுக்கு மேலே போகிறது. பிரேக் கொஞ்சம் நழுவினாலும் கீழே படுத்திருப்பவர்கள் கதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள், விடிய விடிய பிரேக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் தூங்காமல் இருக்கிறார்களா என்று யார் பார்ப்பது? அதற்கு இரண்டு அறைக்கும் நடுவில் கம்பி இழுத்து, ஆளுக்கு ஒரு மணி வைத்திருந்தார்கள். மூன்று தடவை அடித்தால் கேள்வி. இரண்டு தடவை அடித்தால் பதில். மேலே இருப்பவன் கீழே கேட்கலாம், கீழே இருப்பவன் மேலே கேட்கலாம், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு நிமிஷத்துக்குள் பதில் வரவில்லையென்றால், கேட்டவனுடைய அறையில் ஒரு சிவப்பு விளக்கு தானாக எரியும். ஒவ்வொரு அறையிலும் அப்படி மூன்று விளக்கு. எரிந்த விளக்கை அணைக்கிற சாவி மேனேஜரிடம்தான். மாதக் கடைசியில் அவர் வந்து பார்த்து அணைப்பார். அதற்குள் மூன்றும் எரிந்திருந்தால் ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், பேச்சே கிடையாது.

சட்டப்படி ஒரு விளக்கு எரிந்த உடனேயே ஆலை வாசலுக்குப் போன் பண்ண வேண்டும். அங்கிருந்து ஆள் மேலே ஓடுவார்கள். ஆனால் ராத்திரி ஆட்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. "ஒரு விளக்குன்னா தூக்கம், ரெண்டு விளக்குன்னா கக்கூஸ், மூணு எரிஞ்சாதான் விவகாரம்" என்று சிரிப்பார்கள். ஒரு விளக்குக்கெல்லாம் யாரும் போனைத் தொடுவதில்லை. மூன்று எரிகிறவரை காத்திருப்பதுதான் வழக்கம்.

மேலே இருந்தவர் ஒரு கிழவர். அவருக்கு வைத்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார். வேலையை விட்டுப் போகச் சொல்லி இரண்டு தடவை மாலை போட்டு அனுப்பிப் பார்த்தார்கள்; மறுநாள் மாலையோடு வந்து நின்றாராம். இத்தனை வருஷத்தில் அவர் பேரில் ஒரு விளக்குகூட எரிந்ததில்லை. காலையில் ஓட்டம் தொடங்கியதும் மேலிருந்து கிளம்பும் முதல் தொட்டியில் குந்திக்கொண்டு இறங்கி வருவார். தொட்டி வருவதற்கு முன்னால் அவர் தடவியிருக்கும் தைலத்தின் வாசனை வந்துவிடும். ஒருநாள் மாப்பிள்ளை வாயை விட்டுக் கேட்டுவிட்டான், வயசான காலத்தில் வீட்டில் படுத்துத் தூங்கக் கூடாதா என்று. கிழவர் தொட்டியிலிருந்து ஒரு காலை வெளியே போட்டபடி சொன்னார்.

"படுத்தா போயிடுவேன் மாப்பிள்ளை. முழிச்சிருக்கிற வரைக்கும்தான் என்னை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த மாதத் தொடக்கத்தில் மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேலே தானியங்கிப் பிரேக் வரப்போகிறது, இனி ராத்திரிக்கு ஒரு ஆள் போதும் என்றார். யார் பேரில் விளக்கு குறைவோ அவர் இருக்கலாம். கிழவர் பொக்கை வாயைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். 

அன்றைக்குத் தொடங்கியது போர். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு சந்தர்ப்பம் கிடைக்காது. மாப்பிள்ளை கேள்வி மணியை அடிப்பான், பதில் வந்த மறு நிமிஷமே மறுபடி அடிப்பான். கிழவர் அசரவே மாட்டார், டங்... டங்... அவசரமே இல்லாத இரண்டு அடி. அப்புறம் அவர் முறை. மாப்பிள்ளை டிபன் டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மேலிருந்து மூன்று மணி. மணிக்கயிறு முழுக்கக் குழம்பு. கக்கூஸ் கதவைச் சாத்தினால் மூன்று மணி. எப்படித்தான் தெரியுமோ! மாப்பிள்ளை தண்ணீர் குடிப்பதை விட்டான். மணிக்கயிற்றோடு ஒரு சணலைக் கட்டிக் கக்கூஸ் வரைக்கும் இழுத்துப் பார்த்தான். அது நடுவில் ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து இழுக்கிறான், இழுக்கிறான்... மணி அடிக்கவில்லை. மேலே அவன் பேரில் முதல் விளக்கு.

இரண்டாவது, நின்றுகொண்டே தூங்கினான். மறுநாள் கிழவர் தொட்டியில் இறங்கி வரும்போதே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் நண்பனின் மனைவி பாத்திரத்தை வைக்கிற சத்தம். மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு செருப்புகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அந்தக் கிழம் ஒழிந்தால் என்ன என்று அன்றைக்கு அவன் வாய்விட்டே சொன்னானாம், அவள் வாயைப் பொத்தினாளாம்.

மாதத்தின் கடைசி ராத்திரி. நல்ல காற்று. பத்து மணிக்குக் கேட்டான், பதில் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

பதில் இல்லை.

அவன் எழுந்து நின்றான். காற்று சத்தம். தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். டிக்... சிவப்பாக எரிந்தது விளக்கு. அந்த விளக்கு எரிந்து அவன் பார்த்ததே இல்லை, கண்ணாடி முழுக்கத் தூசி. அவன் ஆடினான். நிஜமாகவே ஆடினான், டீ கொட்டி முழங்காலில் சுட்டது, அதுகூடத் தெரியவில்லை. உடனே இன்னொரு தடவை கேட்டான். மறுபடி டிக்... இரண்டாவது விளக்கு.

இப்போது இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஒன்று எரிந்தால் வீடு கிடைத்த மாதிரி. மணிக்கயிற்றில் கை வைத்தான்... அப்போதுதான் தோன்றியது. கிழவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? போன் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் வாசல்காரன் குரல் கேட்டது. என்ன, என்ன என்று இரண்டு தடவை கேட்டான்.

 மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் மனசில் ஓடியது இது. இப்போது சொல்லி ஆள் மேலே போய்ப் பார்த்தால், உடம்பு சரியில்லாமல் கிடந்தவர் பேரில் எரிந்த விளக்கு கணக்கில் வராது. மேனேஜர் அணைத்துவிடுவார். மறுபடி பூஜ்யத்துக்கு இரண்டு. மூன்றாவது எரியட்டும், எரிந்த உடனே போன் பண்ணலாம். எழுதாத சட்டமும் அதைத்தானே சொல்கிறது? ஒன்றுமில்லை, லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். வைத்தவனுக்கு மூன்றாவது மணியை அடிக்கவும் கை வரவில்லை. அரை மணி நேரம் போனையும் மணிக்கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். ஒன்று... இரண்டு... மூன்று.

நிமிஷம் முடியப் போகிறது. விளக்குப் பெட்டிக்குள் விசை முறுகும் சத்தம் கேட்கிறது.

டங்... டங்...

அவசரமே இல்லாத இரண்டு அடி.

மாப்பிள்ளை மேஜையைக் குத்தினான். கிழட்டு ராஸ்கல், வேண்டுமென்றே விளையாடுகிறான் என்று திட்டினான். அப்புறம் விடிகிறவரை எத்தனை தடவை கேட்டாலும் பதில் வந்துகொண்டேயிருந்தது. நிமிஷத்தின் கடைசி நொடி வரை காக்க வைத்துத்தான் வந்தது, ஆனால் தவறவில்லை.

காலையில் கயிற்றை ஓட்டினான். முதல் தொட்டி வந்தது. அதற்கு முன்னால் தைல வாசனை வந்தது. தொட்டியில் ஆள் இல்லை.

மேலே போய்ப் பார்த்தவர்கள் கதவை உடைத்துத் திறந்தார்கள். கிழவர் வாசலண்டை குப்புற விழுந்து கிடந்தார். மணி இருப்பது எதிர்ச் சுவரில். அவர் அதை நோக்கி ஊர்ந்திருக்கிறார். தரையில் படிந்திருந்த கல்தூளில் கை இழுத்த தடம் இருந்தது. பாதி தூரத்தில் தடம் நின்றுவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். உடம்பு கட்டையாகிவிட்டது, உயிர் பதினொன்றை ஒட்டிப் போயிருக்கும் என்றார். விழுந்த உடனே யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார். தம்பி, நேராக உட்கார், ஏன் பக்கத்தில் இருப்பவன் மேல் சாய்கிறாய்? இதில் பயப்பட என்ன இருக்கிறது, மனிதர் செத்துப்போவது உலகத்தில் நடக்கிறதுதானே. நடக்காதது இனிமேல்தான்.

மேனேஜர் கீழே வந்து விளக்குகளைப் பார்த்தார். இரண்டு எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா போன் பண்ணல?"

"மூணாவது தடவை பதில் வந்துச்சு சார்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது விளக்கு எரியவில்லை என்பது அவருக்கும் தெரிகிறது. கேட்டிருந்து பதில் வராமல் இருந்தால் எரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கேட்கவே இல்லை, ஏதோ தூக்கக் கலக்கத்தில் உளறுகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாவியைப் போட்டுக் கிழவர் பேரில் எரிந்த இரண்டையும் அணைத்தார். மேல் அறையில் மாப்பிள்ளை பேரில் எரிந்த இரண்டை அணைக்க யாரும் போகவில்லை. அந்த அறையைத்தான் மூடப் போகிறார்களே. ஒரு வாரத்தில் புதுப் பிரேக் வந்தது, மணியைக் கழற்றினார்கள், கம்பியை வெட்டிச் சுருட்டினார்கள். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானது. இரண்டுக்கு இரண்டு, ஆனால் ஒரு ஆட்டக்காரர் எழுந்திருக்கவில்லை. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

தனி வீட்டுக்குக் குடிபோன முதல் ராத்திரி. அவனுக்கு விடுமுறை. சுண்ணாம்பு அடித்த வாசனை இன்னும் போகவில்லை. விளக்கை அணைத்துப் படுத்தான். தலைமாட்டுச் சுவரில் இரண்டு சிவப்புப் புள்ளி.

தெருவிலிருந்து ஏதோ வெளிச்சம் விழுகிறது என்று எழுந்து ஜன்னலை மூடினான். போகவில்லை. போர்வையைத் தொங்கவிட்டான். போகவில்லை. கையால் தடவிப் பார்த்தான். சுவர் அந்த இடத்தில் லேசாகச் சுட்டது. மனைவியை எழுப்பலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது சமையலறையில் குடத்தின் மேல் யாரோ தட்டினார்கள்.

டங்... டங்... டங்.

அவன் பதில் சொல்லியிருக்கக் கூடாது. லைட்டைப் போட்டிருந்தால், கத்தியிருந்தால், ஒன்றுமே செய்யாமல் நின்றிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி ராத்திரி அதே வேலை செய்த கை அது. மண்டைக்கு விஷயம் போய்ச் சேர்வதற்கு முன்னால் கை கட்டில் சட்டத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டது. அவ்வளவுதான், ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவன் தூங்கவில்லை. ராத்திரி வேலையில் இருந்தால் கூரைத் தகரத்தில் கேட்கும். பகலில் வீட்டில் படுத்தால் குடத்தில் கேட்கும். கண் அசந்தால் போதும்... டங், டங், டங். கோழித்தூக்கம்கூடக் கிடையாது. விளக்கு இரண்டு எரிகிறது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. மூன்று எரிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது ஆலைச் சட்டம். கிழவர் அவனை எங்கே அனுப்புவார் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை.

மனைவி முதலில் சண்டை போட்டாள். பிறகு அவளுக்கும் கேட்கத் தொடங்கியது. ஒருநாள் அவன் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"செத்துப்போன மனுஷனோட என்னங்க போட்டி?"

"நானா போட்டி போடறேன்? அவருதான் விட மாட்டேங்கறாரு. அவருக்குத் தூக்கம் வராது. எனக்கு வருதே."

நண்பன் நம்பவில்லை. தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிறேன் என்று போனான். சுவரில் புள்ளியைப் பார்த்தான். குடத்தில் மூன்று தட்டு கேட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை, குடத்துத் தண்ணீர் மட்டும் வளையம் வளையமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மச்சான்காரன் இல்லையா, மாப்பிள்ளை நீங்க படுங்க, நான் தட்டறேன் என்று அவனே கட்டிலில் இரண்டு தட்டினான். உடனே குடத்தில் மறுபடி மூன்று... இந்த முறை பலமாக. நீ யாரடா என்று கேட்பது போல. மாப்பிள்ளை ஓடிவந்து தட்டினான். அடங்கிவிட்டது. வேறு கை செல்லாது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

குழந்தை பிறந்தது. நல்ல எடை, கறுகறுவென்று முடி. பெரிய பெரிய கண். தனி வீட்டில், தனி அறையில், மரத்தொட்டிலில் கிடந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு? மாப்பிள்ளை தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கையால் ஆட்டுவான், இன்னொரு கையைக் கட்டில் சட்டத்திலேயே வைத்திருப்பான். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னம் ஒட்டிப்போயிற்று. முப்பது வயசுக்காரன் ஐம்பது தாண்டியவன் மாதிரி ஆகிவிட்டான். ஆலையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் அவனைப் பெருசு என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. விடுமுறை ராத்திரி ஒன்றில் உடம்பு தோற்றுவிட்டது. நாற்காலியிலேயே தலை சாய்ந்தது.

கண் விழித்தால் வெயில். பளீரென்று அறை முழுக்க வெயில். தூக்கிவாரிப் போட்டது. சுவரைப் பார்த்தான். மூன்றாவது புள்ளி இல்லை. மூன்றாவது என்ன, ஒரு புள்ளியும் இல்லை. வெறும் வெள்ளைச் சுவர். தொட்டுப் பார்த்தான், ஜில்லென்று இருந்தது. விட்டுவிட்டார், கடைசியில் கிழவர் விட்டுவிட்டார் என்று அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அப்புறம்தான் மனைவி பேசாமல் இருப்பதைக் கவனித்தான். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிய விடிய அப்படியே உட்கார்ந்திருந்தவள் மாதிரி இருந்தது.

"ராத்திரி நாலஞ்சு தடவை கேட்டுச்சுங்க" என்றாள்.

"யாரு பதில் சொன்னது?"

அவள் தொட்டிலைக் காட்டினாள்.

குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. இன்னும் தலை நிற்காத குழந்தை. சமையலறையில் மறுபடி மூன்று தட்டு கேட்டது. குழந்தையின் பிஞ்சுக் கை எழுந்தது. மூடியிருந்த முஷ்டியால் தொட்டில் கட்டையில் தட்டியது. ஒன்று. இரண்டு. அவசரமே இல்லாமல்.

மாப்பிள்ளையால் அதற்கப்புறம் தூங்க முடிந்ததா? முடிந்தது. யாரும் அவனைக் கேட்கவில்லையே. ஆனால் பெற்ற மனசு தூங்க விடுமா? குழந்தைக்கு முன்னால் தான் பதில் சொல்லிவிட வேண்டும், குழந்தையை விட்டுவிட்டு அந்தக் கிழம் மறுபடி தன்னிடமே வர வேண்டும் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான். கட்டில், சுவர், தரை, கைக்கு எட்டியதையெல்லாம் தட்டினான். ஒரு தடவைகூட முந்த முடியவில்லை. குழந்தையின் கை எப்போதும் அரை நொடி முன்னால் இருந்தது. குழந்தையின் கையைத் துணியால் சுற்றிக் கட்டினார்கள். அன்றைக்குக் காலால் தட்டியது. வீட்டை மாற்றினார்கள், தொட்டிலை மாற்றினார்கள். குழந்தை அழுவதில்லை. நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது. அது கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டாக்டர் ஆரோக்கியமான குழந்தை என்கிறார்.

அப்புறம் சமையலறைச் சத்தம் நின்றுவிட்டது. ஒருநாள் முழுக்கச் சத்தமே இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மனைவி குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். அன்றைக்கு மாலை அவள் கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஒரு கையில் பால் பாட்டிலும் இன்னொரு கையில் வெந்நீர்ப் பாத்திரமுமாக அறைக்குள் வந்தான்.

தொட்டிலில் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தடவை.

குழந்தை தலையை நிமிர்த்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் வெந்நீர். கீழே வைக்க இடம் இல்லை, குழந்தை மேல் சிந்திவிடுமோ என்ற பயம் வேறு. மேஜையைத் தேடிப் போய், பாத்திரத்தை வைத்து, திரும்பி, கையை நீட்டினான்... ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை... டிக்.

அவன் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. அறை முழுக்கத் தைல வாசனை. குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

மூன்று எரிந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். நண்பனையும் நான் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் அவனிடம் பேசினேன். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டானாம். தொட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறானாம், இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு.

இப்போது சுவரில் இரண்டு எரிகிறதாம்.